சட்டையில் ஓர் ஊக்கு

2016 ஜூலை மாதம். லண்டனிலிருந்து எங்கள் கம்பெனிக்கு ஒரு பையர் வந்திருந்தார். (வாங்குபவர் என்று தமிழில் சொன்னால் திருப்பூரில் ஒருத்தருக்கும் புரியாது. பையர்தான்!) முதலிபாளையம் சிட்கோவுக்குள் அவருடைய கார் நுழைந்ததுமே வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லோரும் தொப்பையை உள்ளே இழுத்துக் கொண்டோம். மனிதர் இறங்கினார். ஆறடி உயரம். வெள்ளைச் சட்டை. பாக்கெட்டுக்கு மேலே, நெஞ்சுக்கு நேராக, பளபளவென்று ஓர் ஊக்கு!

எனக்குப் பகீரென்றது. ஊர் உலகத்துக்கெல்லாம் பனியனும் டி-ஷர்ட்டும் தைத்து அனுப்புகிற ஊர். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் எங்கள் ஊர்ச் சரக்கு. இங்கே வந்து ஒரு வெள்ளைக்காரர் பொத்தான் போன சட்டையோடு நிற்பதா?

நான் மெர்ச்சன்டைசர். அதாவது, பையர் திட்டினால் கம்பெனிக்காக வாங்கிக் கட்டிக்கொண்டு, முதலாளி திட்டினால் பையருக்காக வாங்கிக் கட்டிக்கொள்கிற உத்தியோகம். கடமை அழைத்தது. சாம்பிள் டெய்லரிடம் ஓடிப்போய், "அண்ணே, வெள்ளை நூல், வெள்ளைப் பட்டன், சீக்கிரம்!" என்று கையோடு அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பையர் எங்களைப் பார்த்தார். டெய்லர் அண்ணன் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஏ.ஸி. ரூமே அதிர்ந்தது.

விஷயம் இதுதான். அந்த வருஷம் ஜூன் 23-ஆம் தேதி பிரிட்டனில் ஓட்டெடுப்பு நடந்தது. ஐரோப்பிய யூனியனில் இருப்பதா, விலகுவதா? 52-க்கு 48 என்று விலகல் கட்சி ஜெயித்தது. ஜெயித்த மறுநாளிலிருந்து, போலந்துக்காரர்களையும் நம்ம நிறத்து ஆட்களையும் பார்த்து, 'எப்போது மூட்டை கட்டுகிறீர்கள்?' என்று தெருவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அப்போது லண்டனில் வசித்த ஓர் அமெரிக்கப் பெண்மணி ஒரு யோசனை சொன்னார். சட்டையில் ஒரு சேஃப்டி பின் குத்திக்கொள்ளுங்கள். 'நான் ஆபத்தில்லாத ஆள், பஸ்ஸில் என் பக்கத்தில் நீ பயமில்லாமல் உட்காரலாம்' என்று அதற்கு அர்த்தம். காசு செலவில்லை, எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் குத்திக்கொண்டார்கள். அதே வருஷம் நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் அமெரிக்காவிலும் இந்த ஊக்கு பரவியது.

பையர் போனபிறகு டெய்லர் அண்ணன் கேட்டார். "ஏனுங் தம்பி, ஊக்குக் குத்துனவன் நல்லவன்னா, கெட்டவனும் ஒரு ஊக்கு வாங்கிக் குத்திக்கிட்டா என்னங் பண்றது?"

லண்டன் பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் கேட்ட கேள்வியும் இதேதான். எங்கள் டெய்லர் எட்டாவது வரைதான் படித்தவர்.

நானும் அன்று அந்த ஊக்கைப் பற்றிச் சிரித்தேன். வீட்டில் போய் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். "நம்ம ஊர்ல இது, ரவிக்கை ஊக்கு போனவங்க குத்தறது" என்று அவளும் சிரித்தாள். ஏழு வருஷம் கழித்து அதே ஊக்கை நானே குத்திக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

2023 மார்ச் முதல் வாரம். பக்கத்து ஈரோட்டில் கிழக்குத் தொகுதி இடைத்தேர்தல் முடிந்து, மார்ச் 2-ஆம் தேதி ஓட்டு எண்ணினார்கள். ஒரு மாதமாக டீக்கடைகளில் ஒரே பேச்சு... யார் மண்ணின் மைந்தன், யார் வந்தேறி, யாருக்கு எத்தனை ஓட்டு. அதற்கு முன்பே ஜனவரியில் திருப்பூரில் ஒரு டீக்கடைத் தகராறு வீடியோவாகிச் சுற்றியிருந்தது. 'வடக்கத்தியான் நம்மாளைத் துரத்துறான் பாரு' என்று நம் ஆட்களின் செல்போனில் ஓடியது. மார்ச்சில் அப்படியே உல்டா! 'தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள்' என்று அவர்கள் செல்போனில் வேறு வீடியோக்கள் ஓடின. அவை பொய் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபுவே சொன்னார். ஒரு வீடியோவில் இருப்பது பீகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோயமுத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இரண்டு தரப்பு அடித்துக்கொண்டது என்று விளக்கினார். ஆனால் பொய் ரயிலில் போகும், மறுப்பு மாட்டு வண்டியில்தானே வரும்?

எங்கள் ஃப்ளோரில் நூற்றுச் சொச்சம் பேர். அதில் பாதி பீகார், ஒரிஸ்ஸா, ஜார்கண்ட். வியாழக்கிழமை காலை மெஷின் சத்தம் ஒரு மாதிரி இருந்தது. ஓவர்லாக் வரிசையில் நாலு ஸ்டூல் காலி. வெள்ளிக்கிழமை ஒன்பது ஸ்டூல் காலி. ஹோலி வேறு மார்ச் 8-ஆம் தேதி. ஹோலிக்குப் போகிறவன் யார், உயிருக்குப் பயந்து போகிறவன் யார் என்று எப்படிப் பிரிக்க? முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஷிப்மென்ட் தேதி தெரிந்தது.

ஆபீஸில் அவசரக் கூட்டம் போட்டோம். ஹெச்.ஆர். அம்மா கூகுளைக் கேட்டு இந்தியில் ஒரு போஸ்டர் அடித்து கேட்டில் ஒட்டினார். 'நீங்கள் இங்கே பத்திரமாக இருக்கிறீர்கள்' என்று. பேக்கிங்கில் ஒரு பீகார்ப் பையன் உண்டு. பத்தொன்பது வயசு. ஒல்லியாக இருப்பான், தமிழை ஒன்றரை வருஷத்தில் அரைகுறையாகப் பிடித்துவிட்டான். போஸ்டர் எப்படி என்று அவனைக் கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"அண்ணா... நேத்து பயம் கொஞ்சம். போர்டு பாத்து பயம் ஜாஸ்தி."

நியாயம்தானே? புதுசாகக் குடிபோகிற வீட்டு வாசலில் 'இங்கே பாம்பு இல்லை' என்று போர்டு தொங்கினால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்களா?

அப்போதுதான் எனக்கு லண்டன் ஊக்கு ஞாபகம் வந்தது. சொன்னதும் ஆபீஸ் மொத்தமும் பிடித்துக் கொண்டது. ஃபேன்ஸி ஸ்டோரில் நான்கு டஜன் ஊக்கு வாங்கி வந்து ஆளுக்கொன்று குத்திக்கொண்டோம். அக்கவுண்டன்ட் இரண்டு குத்திக்கொண்டார், பாதுகாப்புக்குப் பாதுகாப்பு என்று! 'நீ எங்களவன்' என்று சொல்லாமல் சொல்கிற ஊக்கோடு, கல்யாண மாப்பிள்ளைகள் மாதிரி ஊர்வலமாக ஃப்ளோருக்குக் கிளம்பினோம்.

வாசலில் க்யூ.ஸி. தடுத்து நிறுத்தினார்.

"சார், மெட்டல்!"

மறந்தே போனோம். நாங்கள் தைப்பது குழந்தைத் துணி. ஃப்ளோருக்குள் ஓர் ஊசி முனை உடைந்தால்கூட அத்தனை துண்டையும் தேடியெடுத்து, ரிஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, தேதி, மெஷின் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பேக்கிங்குக்கு முன்னால் ஒவ்வொரு துணியும் நீடில் டிடெக்டர் மெஷினுக்குள் புகுந்து வெளிவரும். அந்த இடத்துக்குள் ஊக்கா? மூச்! ஊக்குகளை எல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டோம். 'ஊக்கு - 23' என்று ரிஜிஸ்டரில் எழுதினார்கள். யாருக்காகக் குத்தினோமோ அவர்களிடம் வெறும் சட்டையோடுதான் போய் நின்றோம். ஐந்து மணிக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது டப்பாவிலிருந்து எடுத்து மறுபடி குத்திக்கொண்டோம்.

(இந்த ஊக்கை 1849-இல் கண்டுபிடித்து பேடண்ட் வாங்கியவர் வால்டர் ஹன்ட் என்கிற அமெரிக்கர். உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். ஜாப் ஒர்க் ரேட்டில் வாழ்க்கையைத் தொலைத்த முதல் ஆள் நம்ம ஊர்க்காரர் இல்லை என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.)

மறுநாள் சனிக்கிழமை. வாரச் சம்பள நாள். திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும், போண்டா மலை மாதிரி குவிந்திருக்கும், நிற்க இடம் இருக்காது. சட்டையில் ஊக்கோடு ஒரு ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேக்கிங் பையன் வந்தான். கையில் சம்பளக் கவர். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு. ஊக்கைப் பார்த்தான். அர்த்தம் தெரியும் அவனுக்கு, நானேதான் சொல்லியிருந்தேன்.

"பையா, ஏக் சாய்" என்றான் டீ மாஸ்டரிடம்.

இந்தியில் பையா என்றால் அண்ணன். தமிழில் கேட்டால் வேறு மாதிரிதானே இருக்கும்? பக்கத்தில் நின்ற நாலைந்து பேரில் ஒருத்தர் திரும்பினார். கொஞ்சம் 'ஏற்றி'யிருந்தார். "யார்றா பையா? எங்க ஊருக்கு வந்து எங்களையே பையாங்கிறியா?" என்று அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். கவர் கீழே விழுந்தது. இன்னொருத்தர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

பையன் என்னைப் பார்த்தான். என் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ஊக்கைத்தான் பார்த்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, சட்டைப் பாக்கெட்டில் ஏதோ தேடுகிற மாதிரி வலது கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டேன். ஊக்கு மறைந்துவிட்டது. செல்போனில் நான் விழுந்துவிடக்கூடாதே என்று கொஞ்சம் நகர்ந்தும் நின்றேன். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது நீங்கள் எல்லோரும் படிக்கிறீர்கள்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற அக்கா. ஐம்பது வயசிருக்கும். கையில் வீட்டுக்கு வாங்கிய வடைப் பொட்டலம்.

"ஏனுங், கையை எடுங்க அவன் மேல. எங்க கம்பெனிப் பையன் அவன். அண்ணான்னுதானுங் கூப்புட்டான், அவங்க பாசைல. உங்க வீட்டுப் பையன் பெங்களூர்ல வேலைக்கிப் போயிருந்தா அவன எவனாச்சும் இப்படிப் புடிச்சுத் தள்ளுனா சும்மா உடுவீங்ளா?"

பெரிய வீர வசனமெல்லாம் இல்லை. ரேஷன் கடை வரிசையில் குறுக்கே புகுந்தவனைக் கேட்கிற குரல்தான். சொல்லிவிட்டு அக்கா குனிந்து கவரைப் பொறுக்கி, உள்ளே இருந்த பணத்தை எண்ணி, அவன் கையில் கொடுத்தார். "உக்கார்றா சாமி. மாஸ்டர், இந்தப் பையனுக்கு ஒரு டீ போடுங்க. சக்கரை தூக்கலா." தள்ளிய ஆசாமி என்னவோ முனகிக்கொண்டே நகர்ந்துவிட்டார். செல்போன்காரரும் போனைப் பையில் போட்டுக்கொண்டார். சண்டை இல்லாத வீடியோவை யார் பார்ப்பார்கள்?

அக்கா சட்டையில்... அவர் எங்கே சட்டை போட்டார், புடவையில்... ஊக்கு ஏதும் கண்ணில் படவில்லை. ஆபீஸ் ஸ்டாஃபுக்கு மட்டும்தானே கொடுத்தோம்?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என் அப்பா ஞாபகம் வந்தது. எண்பதுகளில், மழை பொய்த்த ஒரு வருஷம், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு திருப்பூர் வந்து இறங்கியவர். முதல் ஆறு மாசம் கைமடிக்கிற வேலை. 'தெக்கத்தி ஆளுங்களுக்கு வீடு இல்லீங்க' என்று எத்தனையோ வாசலில் கேட்டிருக்கிறார். ஒரே ஒரு ஆத்தா மட்டும், 'வந்தா வந்துட்டுப் போகட்டும்' என்று மாட்டுக் கொட்டகை ஓரத்து அறையைக் கொடுத்ததாம். அந்த அறையில்தான் நான் பிறந்தேன். இன்றைக்கு நான் ஊர்க்காரன், அவன் வந்தேறி. என்ன கணக்கோ!

என் மாமா ஒருத்தர் பெங்களூரில் இருந்தார். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது அவருடைய தெருவிலும் தமிழர்களின் வீடு தேடி ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் மாமா குடும்பத்தை மூன்று நாள் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மாமா வீட்டுக் கதவில் மஞ்சள் சிவப்புக் கொடி ஒன்றைக் கட்டிவிட்டார். அதுவும் ஓர் அடையாளம்தான். ஆனால் கொடியை மட்டும் கட்டிவிட்டுத் தன் வீட்டுக் கதவைத் தாழ் போட்டிருந்தால் மாமா என்ன ஆகியிருப்பார்?

அப்புறம் ஒரு நாள் இந்த ஊக்கு மாதிரி விஷயங்களைத் தேடிப் படித்தேன். ஆபீஸ்காரர்களுக்குப் பிடித்த ஒரு கதை அகப்பட்டது. 1940-இல் நார்வே நாட்டை ஜெர்மன்காரன் பிடித்தபோது, மாணவர்கள் கோட்டுக் காலரில் பேப்பர் கிளிப் மாட்டிக்கொண்டார்களாம். 'நாங்கள் சேர்ந்தே இருப்போம்' என்று அர்த்தம். நம் மேஜையில் காது குடைவதற்குப் பயன்படுகிற அதே கிளிப்தான்! நாஜிகள் அதையும் தடை செய்தார்கள். அங்கே கிளிப் மாட்டினால் ஜெயில். அதனால் அதற்கு ஒரு கனம் இருந்தது. என் ஊக்குக்கு என்ன விலை? டஜன் பத்து ரூபாய்.

டென்மார்க் கதை இன்னும் பிரமாதம். யூதர்கள் எல்லோரும் மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்ள வேண்டும் என்று நாஜிகள் உத்தரவு போட்டபோது, டென்மார்க் ராஜா பத்தாம் கிறிஸ்டியன் தானும் ஒன்றைக் குத்திக்கொண்டு குதிரையில் நகர்வலம் போனார் என்று உலகமெல்லாம் சொல்கிறார்கள். அழகான கதை. ஆனால் சுத்தப் பொய். டென்மார்க்கில் அந்த உத்தரவே போடப்படவில்லை. நடந்தது வேறு. 1943 அக்டோபரில் சாதாரண ஜனங்களும் மீனவர்களும் சேர்ந்து, 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களை ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் ஏற்றி ஸ்வீடனில் கொண்டுபோய் விட்டார்கள். சில படகுக்காரர்கள் நன்றாகக் காசும் வாங்கினார்களாம். வாங்கினால் என்ன, கரை சேர்த்தார்களே! ராஜா குத்தாத நட்சத்திரம் எல்லோருக்கும் தெரிகிறது. படகு ஓட்டினவன் பேர் தெரியவில்லை.

சரி, முதலிபாளையத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பையன் போன் பண்ணினான். "அண்ணா, நான் ஊர் போறேன். எனக்குப் பயம் இல்லே. அம்மா பயம். ராத்திரி பூரா அழுவுது." வீடியோ காலில் அந்த அம்மாவை எனக்குக் காட்டினான். முக்காடு போட்ட ஒரு முகம். எனக்குத் தெரிந்த இந்தி, தூர்தர்ஷன் ராமாயணத்தில் பாதியும் பழைய சினிமாவில் பாதியும். "சப் டீக் ஹை மாஜி" என்றேன். அந்த அம்மா என்னவோ கேட்டார்கள். பையன் மொழிபெயர்த்தான்.

"நீங்க என் கூடவே இருக்கீங்களான்னு கேக்குது."

சனிக்கிழமை சாயங்காலம் கூடவேதான் இருந்தேன், நாலு அடி தூரத்தில். என்ன பதில் சொல்ல? "ஸ்டேஷனுக்கு நான் கொண்டு வந்து விடறேன், சொல்லு" என்றேன்.

மத்தியானம் ஆலப்புழையிலிருந்து வருகிற தன்பாத் எக்ஸ்பிரஸ். திருப்பூர் ஸ்டேஷனில் எள் விழ இடமில்லை. மூட்டை, பக்கெட், டேபிள் ஃபேன், கைக்குழந்தை. போலீஸ்காரர் ஒருவர் மைக்கில் தனக்குத் தெரிந்த இந்தியில் 'பயப்படாதீர்கள்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம், தொண்டை கட்டியிருந்தது. கூட்டத்தில் இடிபட்டு, பையனுடைய ரெக்ஸின் பையின் ஜிப் பிளந்துகொண்டது. உள்ளேயிருந்து ஹோலிக்குத் தங்கைக்கு வாங்கிய சுடிதாரும், எங்கள் கம்பெனி செகண்ட்ஸ் டி-ஷர்ட் நாலும் பிதுங்கி வெளியே வந்தன. ரயில் வேறு வந்துவிட்டது.

நான் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றினேன். ஜிப்பின் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து, சேர்த்துக் குத்தினேன். ஒன்று போதவில்லை. பக்கத்தில் நின்ற ஒரிஸ்ஸா அம்மா தன் புடவையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார்.

"தம்பி, நேத்து டீக்கடையில..." என்று ஆரம்பித்தேன். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த வசனம். அவன் முடிக்க விடவில்லை.

"பரவால்லே அண்ணா. நீங்களும் பயம்."

அன்ரிஸர்வ்டு பெட்டியில் கையை நுழைத்து, தலையை நுழைத்து, எப்படியோ உள்ளே போய்விட்டான். கை மட்டும் ஜன்னல் கம்பி வழியாக ஆடியது. எது அவன் கை என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை, எல்லாக் கைக்கும் டாட்டா காட்டினேன்.

அந்த வாரம் பீகார் அரசு அனுப்பிய நால்வர் குழு திருப்பூருக்கும் வந்து பார்த்தது. முதல்வர் ஸ்டாலின் மார்ச் 7-ஆம் தேதி திருநெல்வேலி மாவட்டம் காவல்கிணறில் ஒரு தொழிற்சாலையில் வட மாநிலத் தொழிலாளர்களைச் சந்தித்து, பயப்படவேண்டாம் என்று சொன்னார். அது படமாக எல்லாப் பேப்பரிலும் வந்தது. வதந்தி கிளப்பினவர்கள்மேல் வழக்குகள் போட்டார்கள். மெதுவாக அடங்கியது. எங்கள் ஷிப்மென்ட் பதினொரு நாள் லேட். லண்டன் பையர் ஈமெயிலில் ஏர் ஃப்ரைட் செலவு யார் தலையில் என்று கேட்டிருந்தார். அவர் இப்போது ஊக்குக் குத்துகிறாரா என்று நான் கேட்கவில்லை.

ஆபீஸில் ஊக்கு மூன்றாவது நாளே மறைந்துவிட்டது. அக்கவுண்டன்ட் மட்டும் ஒன்றை வைத்திருக்கிறார், வவுச்சர் குத்த. கேட்டில் அந்தப் போஸ்டரை மழை கரைத்துவிட்டது. ஒரு வழக்கம் மட்டும் எப்படியோ நின்றுவிட்டது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் செக்கிங் அக்கா, பேக்கிங் பையன்கள் நாலைந்து பேர், நான், எல்லோரும் ஒன்றாகத்தான் அந்த டீக்கடைக்குப் போகிறோம். முதல் வாரம் என் கால் நடுங்கியது உண்மை. அக்காவிடம் ஒரு நாள், "அன்னிக்கு உங்களுக்குப் பயமா இல்லீங்களாக்கா?" என்று கேட்டேன். "இருந்துச்சு சாமி. வடை ஆறிப்போகுதேன்னுதான் சீக்கிரமாப் பேசி முடிச்சேன்" என்றார்.

பையன் ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தான். முகம் கொஞ்சம் கறுத்து, முடி வெட்டி, கையில் அதே ரெக்ஸின் பை. அவன் அம்மா செய்து கொடுத்த தேக்குவா என்கிற பலகாரம் ஒரு டப்பா நிறைய. நம்ம ஊர் அதிரசத்தை அயர்ன் பாக்ஸால் தேய்த்த மாதிரி இருக்கும். பல் பத்திரம். அக்காவுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு.

பையோடு நேராக ஃப்ளோருக்குள் நுழையப் பார்த்தவனை க்யூ.ஸி. வாசலில் நிறுத்தினார்.

"டேய், பையில என்னடா மெட்டல்?"

ஜிப் இன்னும் தைக்கவில்லை. பையன் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே கழற்றி டப்பாவில் போட்டான். க்யூ.ஸி. ரிஜிஸ்டரைப் பிரித்து, தேதி போட்டு எழுதினார்: 'ஊக்கு - 2'.